சுட்டுச் சுட்டே தோட்டாவை மாத்தினவர்... யார் இந்த பி.ஓ.ஆக்லி?

2007-ம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த நோஸ்லர் நிறுவனம், ஒரு ரைஃபிள் தோட்டாவின் அளவுகளை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தது. பெயர், .280 ஆக்லி இம்ப்ரூவ்ட். புதுப் பதிவுதான். ஆனா, தோட்டா புதுசு இல்ல. பல பத்தாண்டுகளாக அமெரிக்க வேட்டைக்காரர்கள் அதைத் தங்கள் வீட்டு மேஜையில் தாங்களே செய்து, தங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு, வடிவம் கொடுத்துப் பயன்படுத்தி வந்தார்கள்.

பெயரில் இருக்கும் ஆக்லி அப்போது உயிரோடு இல்லை. அவர் இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு தனி மனிதரின் பட்டறை ஐடியா, அவர் மறைவுக்குப் பிறகு தொழிற்சாலைத் தரமாக மாறியது எப்படி? அதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. 'இம்ப்ரூவ்ட்' என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு பொருள் உண்மையிலேயே மேம்பட்டுவிடுமா? அந்தக் கேள்வியைத் தன் பெயர் தாங்கிய தோட்டாக்கள் மீதே கேட்டவர்தான் பார்க்கர் ஓட்டோ ஆக்லி.

முதல்ல, ஒரு தோட்டாவுக்குள்ள என்ன இருக்கு?

பலர் தோட்டா, குண்டு இரண்டும் ஒன்று என்று நினைப்பார்கள். இல்லை. தோட்டா என்பது நான்கு பொருள்களின் தொகுப்பு. வெளியே பாய்ந்து போவது குண்டு. அதைத் தள்ளுவது வெடிமருந்துத் தூள். அந்தத் தூளைப் பற்றவைப்பது, அடியில் இருக்கும் சிறிய பிரைமர். இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது கேஸ் எனப்படும் பித்தளை உறை.

சுட்டதும் குண்டு போய்விடும், தூள் எரிந்துவிடும், பிரைமர் தீர்ந்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கேஸ் மட்டும்தான். அதை வீசாமல் எடுத்து வந்து, சுத்தம் செய்து, அளவு சரிபார்த்து, புது பிரைமர், புது தூள், புது குண்டு வைப்பதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்கு இது வீட்டுப் பொழுதுபோக்கு. காசும் மிச்சம், தன் துப்பாக்கிக்குப் பொருந்தும்படி தோட்டாவை அமைத்தும் கொள்ளலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. அதனாலேயே இந்த உலகம் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

ஃபயர் ஃபார்மிங்னா என்ன?

தோட்டா உட்காரும் அறைக்கு சேம்பர் என்று பெயர். தொழிற்சாலையில் வரும் தோட்டா, சேம்பரைவிட மயிரிழை சின்னதாகத்தான் இருக்கும். எல்லா கம்பெனி துப்பாக்கியிலும் அது சிக்காமல் உள்ளே போகணும் இல்லையா?

சுடும்போது உள்ளே உருவாகும் அழுத்தம் சாதாரணமானது அல்ல. .30-06 என்ற பிரபல ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. ஒரு கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல 1,700 மடங்குக்கு மேல். அந்த நொடியில் பித்தளை பலூன்போல விரிந்து, சேம்பரின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு லேசாகச் சுருங்கும். ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. சேம்பரின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்.

புதுச் செருப்பு கொஞ்ச நாளில் நம்ம காலுக்கே பழகிப்போகும் இல்லையா... கிட்டத்தட்ட அதே கதைதான். வித்தியாசம் என்னன்னா, செருப்புக்குப் பல நாள் ஆகும். பித்தளைக்கு ஒரே வெடி போதும். நெருப்பாலேயே வடிவம் பெறுவதால்தான் இதற்கு ஃபயர் ஃபார்மிங் என்று பெயர்.

கேஸ்களை எஃகில் அல்லாமல் பித்தளையில் செய்வதற்கும் இந்தக் குணமே முக்கியக் காரணம். தோட்டாவுக்கான பித்தளையில் 70 சதவீதம் தாமிரம், 30 சதவீதம் துத்தநாகம். உடையாமல் விரியும், சேம்பரை விட்டு எடுக்க முடிகிற அளவுக்குச் சுருங்கவும் செய்யும்.

இப்படிப் பழகிய கேஸ், போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு ரொம்பவே ஏற்றது. கையால் கைப்பிடியைத் தூக்கி, முன்னே தள்ளி, கீழே மடக்கிப் பூட்டும் துப்பாக்கி இது. மடக்கும்போது கிடைக்கும் அழுத்தும் விசையால், இறுக்கமாகப் பொருந்தும் கேஸ்கூட உள்ளே போய்விடும். தானியங்கித் துப்பாக்கியில் இந்தச் சலுகை கிடையாது.

அதனால் போல்ட் ஆக்‌ஷன் வைத்திருப்பவர்களில் பலர், மறுபடி லோடு செய்யும்போது கேஸின் கழுத்தை மட்டும் குண்டு பிடிக்கும் அளவுக்குச் சுருக்குவார்கள். உடம்பைத் தொட மாட்டார்கள். பித்தளை ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கிக் களைத்துப்போவது குறையும். ஒரே நிபந்தனைதான். எந்தத் துப்பாக்கியில் சுட்டதோ, அதே துப்பாக்கிக்கு மட்டுமே அந்தக் கேஸ்.

இந்த இயற்கையான விளைவை, வேண்டுமென்றே ஒரு வடிவமைப்புக் கருவியாகப் பயன்படுத்தியவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் ஆக்லி.

நியூயார்க் டு ஓரிகான்

1903 மே 25 அன்று, நியூயார்க் மாநிலத்தின் கிரான்வில் என்ற ஊரில் பிறந்தார் ஆக்லி. 1927-ல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் பங்குச்சந்தை சரிந்து, அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்துக்குள் விழுந்தது.

அந்த மந்தம் முழுசாகத் தீராத 1936-ல், ஆக்லி நாட்டின் மறுமுனைக்குப் போனார். ஓரிகான் மாநிலத்தின் ரோஸ்பர்க் ஊரில், ராஸ் கிங் என்பவரிடமிருந்து ஒரு துப்பாக்கிப் பட்டறையை விலைக்கு வாங்கினார். வயது 33. பட்டம் பெற்றவர், மூன்றாயிரம் மைல் தாண்டி, கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும் வேலைக்கு வந்துவிட்டார்.

வந்ததும் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. துப்பாக்கியின் உயிர் பேரலில்தான் இருக்கிறது. அதைச் செய்யத் தெரியாமல் பட்டறை நடத்தினால் பழுது பார்ப்பவராகத்தான் இருக்க முடியும். அதனால் ஓராண்டின் பெரும்பகுதியை ஓஹையோவின் சின்சினாட்டியில், பென் ஹாக்கின்ஸின் பட்டறையில் பேரல் செய்யும் வேலையைக் கற்பதில் செலவிட்டார். சொந்தக் கடை வைத்த பிறகு இன்னொருவர் கடைக்குப் போய்க் கற்றுக்கொள்வது எல்லோராலும் முடிகிற விஷயம் அல்ல.

40 டிகிரி: அந்த ஐடியாதான் என்ன?

ரைஃபிள் கேஸ் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்க. சின்ன பாட்டில் மாதிரி இருக்கும். அடியிலிருந்து மேலே போகப்போக உடம்பு மெல்லக் குறுகும். பிறகு ஒரு சரிவு, அதற்குப் பெயர் ஷோல்டர். அதற்கு மேலே குண்டைப் பிடிக்கும் கழுத்து.

உடம்பு குறுகுவதற்குக் காரணம் உண்டு. ராணுவத் துப்பாக்கிக்குள் மணல், சேறு எது போனாலும் தோட்டா சிக்காமல் உள்ளே போகணும், சுட்ட கேஸ் சிக்காமல் வெளியே வரணும். ஆனால் அப்படிக் குறுகுவதால் தூளுக்கான இடம் குறைகிறது.

ஆக்லி செய்தது இரண்டு மாற்றங்கள். உடம்பின் சரிவைக் குறைத்துக் கிட்டத்தட்ட நேராக்கினார். ஷோல்டரைச் செங்குத்தாக்கினார். .30-06 கேஸின் ஷோல்டர் சரிவு 17.5 டிகிரி. ஆக்லியின் பெயரோடு இன்று பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கோணம் 40 டிகிரி. நீளம் அதேதான், அடிப்பகுதி அதேதான், உள்ளே இடம் மட்டும் கூடுதல்.

இன்னொரு பலனும் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தை நோக்கி நகரும். கேஸ் நீளும். நீண்டதை வெட்டிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். நேரான உடம்பும் செங்குத்தான ஷோல்டரும் இந்த நகர்வைக் குறைக்கின்றன. வெட்டும் வேலை குறையும், கேஸ் அதிக நாள் உழைக்கும்.

இந்த ஐடியா ஆக்லிக்கு மட்டுமே தோன்றியது இல்லை. 1940-லேயே லைல் கில்போர்ன் என்ற கன்ஸ்மித், .22 ஹார்னெட் தோட்டாவை இதேபோல சேம்பரில் விரித்து கே-ஹார்னெட் என்று உருவாக்கியிருந்தார். ஆக்லியின் தனிச்சிறப்பு, இதை ஒரு தோட்டாவோடு நிறுத்தாமல் ஒரு குடும்பமாகவே வளர்த்ததுதான். .250 சாவேஜ், .257 ராபர்ட்ஸ், .30-30, .30-06 என்று கடையில் விற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு 'இம்ப்ரூவ்ட்' உறவு கிடைத்தது.

கடையில விக்கிற தோட்டாவும் வேலை செய்யணும்

கம்பெனிகள் தயாரிக்காத, ஆர்வலர்கள் தாங்களாக உருவாக்கும் தோட்டாக்களை வைல்ட்கேட், அதாவது காட்டுப்பூனை என்பார்கள். பெரும்பாலான காட்டுப்பூனைகளுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. கேஸை வெட்டணும், அச்சில் வைத்துப் பல தடவை அழுத்தணும். வேட்டைக்குப் போன ஊரில் தோட்டா தீர்ந்துபோனால், துப்பாக்கி வெறும் கம்பிதான்.

ஆக்லி முறையில் அந்தப் பிரச்னையே இல்லை. இருக்கும் ரைஃபிளின் சேம்பரை ஒரு ரீமர் கருவியால் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். அதன் பிறகு, கடையில் விற்கும் சாதாரணத் தோட்டாவையே அதில் போட்டுச் சுடலாம். வேகம் சற்றே குறையலாம், ஆனால் குறிபார்க்கவும் வேட்டையாடவும் அது போதும். சுட்டு முடித்து வெளியே வரும் கேஸ், 40 டிகிரி தோளோடு புது வடிவத்தில் வரும். அடுத்த முறை லோடு செய்யும்போது அதுதான் இம்ப்ரூவ்ட் கேஸ்.

சிம்பிளா சொன்னா, பழைய சார்ஜரையும் ஏத்துக்கிற புது போன் மாதிரி. அந்தக் காலத்துத் துப்பாக்கி உலகின் 'பேக்வர்ட் கம்பாட்டிபிள்' இது.

ஆனா, இதுல ஒரு ஆபத்தும் ஒளிஞ்சிருக்கு. பெரிதாக்கிய சேம்பருக்குள் சின்னத் தோட்டா முன்னும் பின்னும் ஆடினால் என்ன ஆகும்? வெடித்ததும் கேஸின் முன்பகுதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடிப்பகுதியோ பின்னால் தள்ளப்படும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும், சில நேரம் இரண்டாகவே பிளக்கும். அப்போது சீறி வரும் வாயு, சுடுபவரின் முகத்தை நோக்கித்தான் வரும். அவர் கண்ணுக்கும் போல்ட்டுக்கும் இடையே சில அங்குலம்தான் இடைவெளி.

இதற்கான தீர்வு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவில் இருக்கிறது. சேம்பரின் ஆழத்தை அந்த அளவுக்கு, அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர் குறைத்து வைப்பது. அப்படிச் செய்தால் சாதாரணத் தோட்டாவின் கழுத்தும் ஷோல்டரும் சேரும் விளிம்பு, சேம்பரில் லேசாக நசுங்கி உட்காரும். போல்ட்டை மடக்கும்போது கையில் ஒரு சின்ன இறுக்கம் தெரியும். அந்த இறுக்கம்தான் பாதுகாப்பு. வெறும் ரீமரை ஓட்டிவிட்டுக் கொடுக்கும் அவசரப் பட்டறைகளில் இது கிடைக்காது. பேரலைக் கழற்றிப் பின்னால் நகர்த்தி, அளந்து, மறுபடி பொருத்த வேண்டும்.

ஃபயர் ஃபார்மிங்குக்கு இன்னொரு வழியும் ரீலோடர்கள் மத்தியில் உண்டு. குண்டே இல்லாமல், கொஞ்சம் தூளுக்கு மேலே 'கிரீம் ஆஃப் வீட்' என்ற காலை உணவு மாவை நிரப்பிச் சுடுவது. ஆமாம், கிட்டத்தட்ட நம்ம உப்புமா ரவைதான்! குண்டும் பேரலும் மிச்சம் என்பது கணக்கு.

போர், பட்டறை, வகுப்பறை

இரண்டாம் உலகப் போருக்குள் அமெரிக்கா நுழைந்தபோது ஆக்லி ரோஸ்பர்க் கடையை மூடிவிட்டு, யூட்டா மாநிலத்தில் இருந்த ஆக்டன் ராணுவக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். போரின் முடிவை ஒட்டி கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் ஊருக்கு வந்து பட்டறை தொடங்கினார். அது விரைவில் அந்தக் காலத்தின் பெரிய கஸ்டம் துப்பாக்கிப் பட்டறைகளில் ஒன்றாக வளர்ந்தது.

அதே ஊரின் டிரினிடாட் ஸ்டேட் ஜூனியர் கல்லூரியில் கன்ஸ்மித் பயிற்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆக்லி அங்கே ஆசிரியர். போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றுக்கொண்ட காலம் அது. 1951-ல் ஆக்லி டிரினிடாட்டை விட்டு யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்குக் குடிபெயர்ந்தார். அவர் போன பிறகும் அந்தக் கல்லூரியின் கன்ஸ்மித் படிப்பு தொடர்ந்தது.

ரைஃபிள்களை உடைச்சுப் பார்த்தவர்

போர் முடிந்ததும் அமெரிக்காவில் பல நாட்டு ராணுவ ரைஃபிள்கள் மலிவாகக் கிடைத்தன. வீரர்கள் நினைவுப் பரிசாகக் கொண்டுவந்தவை நிறைய. அவற்றை வாங்கி, புது பேரல் பொருத்தி, வேட்டைத் துப்பாக்கியாக மாற்றுவது ஒரு பெரும் தொழிலாகவே ஆனது. இதில் எது பலமானது, எது கையில் வெடிக்கும்? டீக்கடை அரட்டை மாதிரி ஆளுக்கொரு கருத்து. ஜெர்மன் மவுசர்தான் உசத்தி, ஜப்பான் துப்பாக்கி என்றால் மட்டம் என்பது பொதுவான நம்பிக்கை.

ஆக்லி வாதம் பண்ணவில்லை. பல நாட்டு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார், அது உடையும் வரை.

முடிவு பலருக்கு அதிர்ச்சி. எல்லாவற்றையும்விட அதிகம் தாங்கியது ஜப்பானின் 6.5 மில்லிமீட்டர் அரிசாகா டைப் 38. தோற்றத்தைப் பார்த்தோ, எதிரி நாட்டின் மீதான கோபத்தை வைத்தோ எஃகின் பலத்தைச் சொல்ல முடியாது என்பதை, உடைந்த துண்டுகளே காட்டின.

இது வெறும் ஆர்வக்கோளாறு இல்லை. அந்த ரைஃபிள்களை வாங்கியவர்கள் சம்பளக்காரர்கள், விவசாயிகள். பலவீனமான ஒன்றில் கூடுதல் அழுத்தத் தோட்டாவைப் போட்டால் போகப்போவது அவர்கள் கண்.

பூட்டே இல்லாம சுட்டா?

ஆக்லியின் சோதனைகளில் அதிகம் பேசப்படுவது வின்செஸ்டர் 94 மீது நடந்தது. இது போல்ட் ஆக்‌ஷன் இல்லை. கவ்பாய் படங்களில் பார்த்திருப்பீங்களே, கீழே லீவர் இருக்கும் அந்தத் துப்பாக்கிதான்.

சுடும்போது கேஸ் பின்னால் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்கிப் பின்கதவைப் பூட்டி வைப்பது ஓர் எஃகுத் துண்டு. ஆக்லியின் கேள்வி இதுதான்: உடம்பு நேரான கேஸ், சேம்பர் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமே. அப்படியென்றால் பின்கதவின் மேல் விழும் பாரம் குறையுமா?

இதைச் சோதிக்க அவர் .30-30 இம்ப்ரூவ்ட் சேம்பர் கொண்ட வின்செஸ்டர் 94-ல் அந்தப் பூட்டுத் துண்டையே கழற்றிவிட்டுச் சுட்டார். கேஸ் பின்னால் பாய்ந்து வரவில்லை. பித்தளையே சேம்பரைப் பற்றிக்கொண்டு நின்றது.

இங்கதான் பலர் சறுக்கினாங்க. இம்ப்ரூவ்ட் கேஸில் எவ்வளவு தூள் வேண்டுமானாலும் போடலாம், துப்பாக்கி தாங்கும் என்று சிலர் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். சோதனை சொன்னது அது இல்லை. பித்தளையின் பிடி, சேம்பர் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்கும்போதுதான் உதவும். கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே பிடி வழுக்கும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் பித்தளை இழுபடும். பிறகு முழு பாரமும் போல்ட் மீதுதான். கேஸின் வடிவம் பாரத்தைக் குறைக்கலாம். ஆனால் உள்ளே உருவாகும் அழுத்தத்தைக் குறைக்காது.

காதைக் கிழிக்கும் ஒரு ஜோக்

ஆக்லிக்கு நகைச்சுவையும் உண்டு. கன்ஸ் அண்ட் அம்மோ பத்திரிகையைச் சேர்ந்த பாப் ஹட்டனுக்காக அவர் உருவாக்கிய ஒரு தோட்டாவின் பெயர், .22 இயர்ஜெஸ்ப்ளிட்டன் லவுடன்பூமர். ஆங்கிலச் சொற்களை ஜெர்மன் மாதிரி முறுக்கிய விளையாட்டுப் பெயர். தமிழில் சொன்னால் 'காதுகிழி பெருவெடி' என்று வைத்துக்கொள்ளலாம்.

இலக்கு ஒன்றே ஒன்று. குண்டின் வேகம் விநாடிக்கு 5,000 அடியைத் தாண்டணும். அதற்காக யானை வேட்டைக்கு ஏற்ற .378 வெதர்பி மேக்னம் என்ற ராட்சதக் கேஸை எடுத்து, அதன் வாயில் சுமார் 3 கிராம் எடையுள்ள சின்னக் குண்டை வைத்தார்கள். குடத்தின் வாயில் பேனா மூடியைச் செருகியது மாதிரி.

கிடைத்த வேகம் விநாடிக்கு சுமார் 4,600 அடி. இலக்கை எட்டவில்லை. ஆனால் பாடம் கிடைத்தது. ஒரு குறுகிய பேரல் துவாரம் வழியாக இவ்வளவுதான் வாயு போக முடியும். அதற்கு மேல் தூள் போட்டால் பேரல்தான் தேயும், வேகம் கூடாது. துவாரத்துக்கு மீறிய கொள்ளளவு என்கிற இந்த எச்சரிக்கை ஆக்லியின் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும்.

எதிர்த் திசையிலும் அவர் போய்ப் பார்த்தார். 4.5 மில்லிமீட்டர் கூட இல்லாத .17 அளவு மையப் பிரைமர் தோட்டாக்களின் முன்னோடி அவர்தான் என்று சொல்லப்படுகிறது. கடைக்காரர்கள் அதை விளையாட்டுப் பொருளாகப் பார்த்த காலம் அது. 1971-ல் ரெமிங்டன் நிறுவனமே .17 ரெமிங்டன் என்ற தோட்டாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

சரி, லாபம் எவ்வளவு?

1962-ல் ஆக்லியின் 'ஹேண்ட்புக் ஃபார் ஷூட்டர்ஸ் அண்ட் ரீலோடர்ஸ்' நூலின் முதல் தொகுதி வெளியானது. 1966-ல் இரண்டாவது. தன்னுடைய தோட்டாக்கள் மட்டுமல்ல, பிறர் உருவாக்கிய நூற்றுக்கணக்கானவற்றையும் சேர்த்துத் தொகுத்தார். உடைத்துப் பார்த்த ரைஃபிள்களின் கதையும் அதில் உண்டு.

அதில் அவர் வியாபாரி மாதிரி பேசவில்லை என்பதுதான் விஷயம். பெரிய கேஸ் என்றாலே சிறந்தது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை.

ரீலோடர்கள் பயன்படுத்தும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதே அழுத்தத்தில், கேஸின் கொள்ளளவு எத்தனை சதவீதம் கூடுகிறதோ, வேகம் அதில் கால் பங்குதான் கூடும். 8 சதவீதம் இடம் கூடினால், வேகம் 2 சதவீதம். விநாடிக்கு 2,800 அடி வேகத்தில் போன குண்டு, 2,856 அடியில் போகும். மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது!

லாபம் எல்லா கேஸுக்கும் ஒரே மாதிரி இல்லை. .250 சாவேஜ், .257 ராபர்ட்ஸ், .30-30 போன்றவற்றில் உடம்புச் சரிவு அதிகம் அல்லது பழைய அழுத்த வரம்பு குறைவு. மாற்றினால் நல்ல பலன் தெரியும். .270 வின்செஸ்டர் மாதிரி ஏற்கெனவே தாராளமான இடம் உள்ளவற்றில் செலவுக்கு ஏற்ற லாபம் இல்லை.

விமர்சனமும் உண்டு

ஆக்லியின் காலத்தில் பட்டறைகளில் அழுத்தத்தை அளக்கும் கருவி கிடையாது. குண்டின் வேகத்தை அளக்கும் கருவியே எல்லோரிடமும் இல்லை. பிரைமர் எவ்வளவு தட்டையாகியிருக்கிறது, போல்ட் எவ்வளவு சிரமமாகத் திறக்கிறது என்று பார்த்துத்தான் அழுத்தத்தை ஊகித்தார்கள். அன்றைய இம்ப்ரூவ்ட் தோட்டாக்களின் சில பிரமிப்பான வேக எண்களுக்கு, வடிவத்தைவிட அதிக அழுத்தமே காரணம் என்பது இன்றைய நிபுணர்கள் பலரின் கருத்து. அந்த நூல்களில் உள்ள பழைய அளவுகளை இன்று அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம்.

அதாவது, ஆக்லியே இன்று இருந்தால் எதைச் செய்திருப்பாரோ, அதைத்தான் அவர் எண்களுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. மறுபடி அளந்து பார்ப்பது.

கடைசியில 'சாமி' கொடுத்த சான்றிதழ்

அமெரிக்காவில் தோட்டாக்களின் அளவையும் அழுத்த வரம்பையும் நிர்ணயிப்பது 1926-ல் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு. அதன் சுருக்கப் பெயரை உச்சரித்தால் நம்ம காதுக்கு 'சாமி' என்றே கேட்கும். ஆக்லி 1989 ஆகஸ்ட் 23 அன்று, தன் 86-வது வயதில் காலமானபோது, அவர் பெயர் தாங்கிய எந்தத் தோட்டாவும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாமே காட்டுப்பூனைகள்தான்.

2007-ல் நோஸ்லர் பதிவு செய்த .280 ஆக்லி இம்ப்ரூவ்ட் அந்த நிலையை மாற்றியது. இப்போது அந்தத் தோட்டாவும் அதற்கான ரைஃபிளும் நேரடியாகக் கடையிலேயே கிடைக்கின்றன. சுட்டு வடிவம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தமும் ஆய்வகத்தில் அளக்கப்பட்டது. அப்படி அளந்த பிறகு, சாதாரண .280 ரெமிங்டனைவிட அதற்கு ஒரு மிதமான, ஆனால் உண்மையான முன்னேற்றம் இருப்பது தெரிந்தது. மாயம் இல்லை, மோசடியும் இல்லை.

'இம்ப்ரூவ்ட்', 'ப்ரோ', 'மேக்ஸ்' என்று பெயரிலேயே பெருமை பேசும் பொருள்களை நாம் தினமும் வாங்குகிறோம். எத்தனை சதவீதம் கூடியது, எந்த நிலையில் கூடியது, அதற்கு என்ன விலை என்று கேட்பது குறைவு. தன் பொருளுக்கு அந்தப் பெயரையே வைத்த ஒரு பட்டறைக்காரர், அந்தக் கேள்விகளையும் கூடவே எழுதி வைத்துவிட்டுப் போனார். தோட்டாவில் ஆர்வம் இல்லாதவர்களும் ஆக்லியைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு காரணம் போதும்.